வீட்டில் தீப்பிடித்தால் கதவைத் திறக்கணுமா, மூடணுமா? 200 வருடத்துக்கு முன்பே விடை கண்ட ஜேம்ஸ் பிரைட்வுட் - யார் இவர்?

ஏப்ரல் 14 நமக்குத் தமிழ்ப் புத்தாண்டு. தீயணைப்புத் துறைக்கு அது துக்க நாள். 1944-ல் அதே தேதியில் மும்பை துறைமுகத்தில் பஞ்சுப் பொதியும் வெடிமருந்தும் ஏற்றி நின்ற கப்பல் வெடித்து, 66 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் நினைவாக அன்று தொடங்கி 20-ம் தேதி வரை நாடு முழுக்க தீத்தொண்டு வாரம் நடக்கிறது.

கடலூர் மாவட்டம் பெண்ணாடம் மாதிரி ஊர்களில் இருப்பவர்களுக்கு இந்த வாரத்தின் காட்சிகள் பழகிப்போனவைதான். சிவப்பு வண்டி வரும். எண்ணெய்ச் சட்டியில் தீ வைத்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடி அணைத்துக் காட்டுவார்கள். புகைக்குள் தரையோடு தரையாகத் தவழ்ந்து போவது எப்படி என்று ஒருவர் செய்து காட்டுவார். பசங்க கைதட்டுவாங்க, பெரியவங்க செல்போனில் வீடியோ எடுப்பாங்க. அத்தோட மறந்துபோகும்.

இந்தப் பாடங்களில் பலவற்றை ஒழுங்குபடுத்தி, ஒரு படைக்கே பயிற்சியாகக் கொடுத்து, புத்தகமாகவும் எழுதி வைத்த மனிதர் ஒருவர் இருக்கிறார். ஸ்காட்லாந்துக்காரர். பெயர் ஜேம்ஸ் பிரைட்வுட். இன்றைய தீயணைப்புப் படைகளின் முன்னோடி என்று உலகம் முழுக்க இவரைத்தான் சொல்கிறார்கள். நம்ம ஊர் வீடுகளுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. அதைச் சொல்ல முதலில் இவர் கதைக்குப் போகணும்.

தச்சுப் பட்டறையில் வளர்ந்த பையன்

பிரைட்வுட் பிறந்தது 1800-ல், எடின்பரோ நகரத்தில். அப்பா மரச்சாமான் செய்பவர், கட்டட வேலையும் பார்த்தவர். பையனும் படிப்பு முடித்ததும் கட்டடத் தொழிலைத்தான் கற்றுக்கொண்டார். எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது, எந்த உத்தரம் எரிந்தால் எந்தத் தளம் இறங்கும் என்பதெல்லாம் அவருக்குச் சின்ன வயதிலேயே அத்துப்படி.

இந்த ஒரு விஷயம்தான் பின்னால் அவரை மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்தியது. அந்தக் காலத்தில் தீயணைப்பவர் என்றால் தண்ணீர் அடிக்கத் தெரிந்தால் போதும். இவர் தீயைப் பார்ப்பதற்கு முன்னால் கட்டடத்தைப் பார்த்தார்.

அன்றைக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள்தான் தனித்தனியாகத் தீயணைப்பு ஆட்களை வைத்திருந்தன. 1824-ல் எடின்பரோ நகரம் எல்லாவற்றையும் ஒன்றாக்கி, நகரத்துக்கென ஒரே படையை உருவாக்கியது. உலகத்தின் முதல் மாநகராட்சி தீயணைப்புப் படை என்று இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். தலைமைக்கு வந்தவருக்கு வயது 24. அவர்தான் பிரைட்வுட்.

பதவிக்கு வந்த சில வாரத்தில் பெரும் தீ

ஆட்களுக்கு ஒழுங்காகப் பயிற்சி கொடுக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. 1824 நவம்பர் 15 இரவு, பழைய எடின்பரோவின் ஒரு சந்தில், செதுக்கு அச்சுப் பட்டறை ஒன்றில் தீப்பிடித்தது. அந்தப் பகுதி எப்படிப்பட்டது தெரியுமா? ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய உயரமான கல் கட்டடங்கள், நடுவில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்துகள். வண்டி உள்ளே போக வழியில்லை. மறுநாள் ஒரு தேவாலயத்தின் கோபுரமே எரிந்து விழுந்தது. நாள்கணக்கில் எரிந்த தீயில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன.

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. நகரப் பெரிய மனிதர்கள், அதிகாரிகள், நீதிபதிகள் என ஆளாளுக்கு வந்து உத்தரவு போட்டார்கள். யார் சொல்வதைக் கேட்பது என்றே வீரர்களுக்குத் தெரியவில்லை. தீ விபத்து நடந்த இடத்தில் ஊரே கூடி ஆளுக்கொரு யோசனை சொல்வது நமக்கும் புதுசில்லை. அந்தத் தீக்குப் பிறகு எடின்பரோவில், தீ எரியும் இடத்தில் படைத் தலைவர் சொல்வதுதான் கட்டளை என்று ஆனது.

விடியற்காலை 4 மணி பயிற்சி

அதற்குப் பிறகு பிரைட்வுட் செய்த வேலைதான் முக்கியம். கொத்தனார், தச்சர், கூரை வேய்பவர், கொல்லர், குழாய் வேலைக்காரர் என்று கட்டடத்தோடு புழங்கியவர்களாகப் பார்த்து எடுத்தார். எல்லாம் இளவட்டங்கள். பயிற்சி நேரம் விடியற்காலை 4 மணி. அந்த நேரத்தில் தெருவில் கூட்டம் இருக்காது. அதைவிட முக்கியம், பெரிய தீ பெரும்பாலும் இரவில்தான் வருகிறது; இருட்டில் வேலை செய்து கை பழகணும்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை அன்றைக்குப் பலருக்கும் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்கும். தெருவில் நின்றபடி ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சுவதுதான் வழக்கம். பாதித் தண்ணீர் சுவரில் பட்டு வழிந்து வீணாகும். அதெல்லாம் வேண்டாம், உள்ளே போய் தீ எரியும் இடத்திலேயே தண்ணீர் விழணும் என்றார் இவர். ஆனால் தனியாகப் போகக்கூடாது. இரண்டு பேராகத்தான் போகணும்; ஒருவர் மயங்கினால் மற்றவர் இழுத்து வரணும். புகை அடர்ந்திருந்தால் நிமிரக்கூடாது, தரையோடு தவழணும். சூடான புகை மேலே ஏறி நிற்கும், மூச்சுவிடத் தோதான காற்று கீழேதான் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

ஆளும் சும்மா வாய்ச்சொல் வீரர் இல்லை. ஒருமுறை எடின்பரோவில் இரும்புச் சாமான் கடை எரிந்துகொண்டிருந்தபோது, உள்ளே வெடிமருந்துப் பீப்பாய்கள் இருப்பது தெரியவந்தது. ஆட்களை அனுப்பாமல் தானே உள்ளே போய், ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு பீப்பாய்களைத் தூக்கி வந்து வெளியில் வைத்தார்.

1830-ல் இந்த அனுபவத்தையெல்லாம் புத்தகமாகப் போட்டார். தீயணைப்பு எந்திரம், வீரர் பயிற்சி, தீப்பிடித்தால் செய்ய வேண்டியது எல்லாம் அதில் இருந்தன. அதில் அவர் விடாமல் அழுத்திச் சொன்ன ஒரு விஷயம்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பு.

கதவை ஏன் மூடணும்?

தீப்பிடித்த வீட்டைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை பரபரக்கும். கதவை உடை, ஜன்னலைத் திற, புகை போகட்டும் என்போம். பிரைட்வுட் சொன்னது நேர் எதிர். தீ இருக்கும் அறைக்குக் காற்று போகும் வழியை அடை. தண்ணீர் தயாராகும் வரை கதவையும் ஜன்னலையும் மூடியே வை.

காரணம் எளிது. தீ எரிய காற்றில் இருக்கும் ஆக்சிஜன் வேணும். மூடிய அறையில் இருக்கும் காற்று தீர்ந்ததும் தீ அடங்கிக் கனியும், பரவும் வேகம் குறையும். அந்த நேரத்தில் யாராவது கதவைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே பாய்ந்து, குப்பென்று மொத்த அறையும் பற்றிக்கொள்ளும். திறந்தவர் முகத்தின் மேலேயே தீ பாயும்.

நம் காலத்தில் அமெரிக்காவின் யுஎல் ஆய்வகம் உண்மையான அறைகளை எரித்துப் பார்த்தது. கதவு மூடியிருந்த அறைக்கும் திறந்திருந்த அறைக்கும் வெப்பத்தில் பல நூறு டிகிரி வித்தியாசம். சாதாரண மரக்கதவுதான், வேறெதுவும் இல்லை. தெர்மாமீட்டர் கூட இல்லாமல் தீக்குள் போய் வந்தே இதைப் புரிந்துகொண்டவர் பிரைட்வுட்.

பெண்ணாடத்துக்கு இது எப்படிப் பொருந்தும்?

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்கணும். பெண்ணாடம் வெள்ளாற்றங்கரை ஊர். சுற்றிலும் கரும்பு. கீற்று, வைக்கோல், கரும்புத் தோகை வேய்ந்த கூரை வீடுகளை இந்தப் பக்கம் நிறையப் பார்த்திருப்பீர்கள். அந்த வீட்டில் தீப்பிடித்தால் கதவை மூடிப் பயனில்லை. எரிவதே கூரைதான், அதற்குக் காற்றுக்குப் பஞ்சமே இல்லை. சில நிமிடத்தில் மேலே இருந்து எரிந்தபடி விழும். 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீயில் எரிந்து விழுந்ததும் கீற்றுக் கூரைதான்.

கூரை வீட்டுக்கு ஒரே வழி, இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓடுவது. ரேஷன் கார்டு, பத்திரம், பீரோ நகை என்று எதற்கும் திரும்பப் போகக்கூடாது. குழந்தை, வயசானவங்க, படுத்த படுக்கையா இருக்கிறவங்க முதலில். கட்டியிருக்கும் ஆடுமாட்டின் கயிற்றை, எட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் அறுத்துவிடலாம். அக்கம்பக்கத்தினர் செய்ய வேண்டியது, காற்று அடிக்கும் திசையில் இருக்கும் அடுத்த கூரைகளைத் தண்ணீரால் நனைத்து வைப்பது.

ஆனால் ஊர் மாறிக்கொண்டே வருகிறது. 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தது. 2024-ல் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் வந்தது. 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்பது இலக்கு. கூரை போய் தளம் வந்தால் தீ ஆபத்து போச்சு என்று நினைக்கிறோம். தீப்பொறி விழுந்து வீடே எரியும் ஆபத்து குறைந்தது உண்மைதான். பதிலுக்கு வேறொன்று வந்திருக்கிறது: புகை.

கூரை வீட்டில் புகை கூரையைப் பொத்துக்கொண்டு மேலே போய்விடும். கான்கிரீட் வீட்டில் போக வழியில்லை. மெத்தை, ஃபோம் வைத்த சோபா, பிளாஸ்டிக் நாற்காலி, டிவி என உள்ளே இருப்பதெல்லாம் எரிந்தால் வருவது கரும்புகை, அதில் கார்பன் மோனாக்சைடு. தூங்குபவரை அது எழுப்பாது. இன்னும் ஆழமாகத் தூங்க வைக்கும். தீ விபத்துகளில் பலர் தீக்காயத்தால் சாவதில்லை, புகையால்தான் சாகிறார்கள். 200 வருடத்துக்கு முந்தைய எடின்பரோ கல் கட்டடமும் இன்றைய காங்கிரீட் வீடும் இந்த விஷயத்தில் ஒரே ஜாதி. அதனால்தான் பிரைட்வுட் பாடம் நமக்கு இப்போதுதான் அதிகம் தேவைப்படுகிறது.

அப்போ என்ன செய்யணும்? தீ வந்த அறையிலிருந்து எல்லோரும் வெளியே வந்ததும் அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வாங்க. பூட்ட வேண்டாம், சாத்தினால் போதும். வெளியே வந்தபின் யாரும் உள்ளே போகக் கூடாது. தலையை எண்ணுங்க. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் தீ இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், திறப்பதற்கு முன் புறங்கையால் கதவைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் திறக்காதீங்க, வேறு வழி பாருங்க. வேறு வழியே இல்லையென்றால் தெருப்பக்கம் ஜன்னல் இருக்கும் அறைக்குப் போய், கதவைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி திணித்து, ஜன்னலில் நின்று சத்தம் போடணும்.

நம் வீடுகளில் இன்னொரு பெரிய சிக்கல் கிரில் கேட். திருடனுக்குப் பயந்து இரவில் உள்பக்கம் பூட்டுப் போடுகிறோம். சாவி எங்கே? சாமி படத்துக்குப் பின்னாலயா, அப்பாவோட சட்டைப் பையிலயா? இருட்டில், புகையில், தவழ்ந்தபடி அந்தச் சாவியை எடுக்க முடியுமா என்று இன்று ராத்திரியே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கேட்டுக்குப் பக்கத்தில் குழந்தைக்கும் எட்டும் உயரத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டினால் வேலை முடிந்தது. வெளியாள் கை எட்டாத பக்கமாகப் பார்த்து அடிக்கணும், அவ்வளவுதான்.

ஒரு விதிவிலக்கு, இதை மாற்றிப் புரிந்துகொள்ளக் கூடாது. சிலிண்டர் கசிந்து வாடை மட்டும் வருகிறது, தீ இல்லை என்றால் அப்போது கதவு ஜன்னலைத் திறந்து விடணும். ரெகுலேட்டரை மூடணும். லைட் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வெளியே வந்து 1906-க்கு அழைக்கணும். தீ எரிந்தால் மூடு, கேஸ் கசிந்தால் திற.

எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் சட்டென ஆவியாகி எரியும் எண்ணெயை நாலாபக்கமும் தூக்கி அடிக்கும். அடுப்பை அணைத்து, தட்டுப் போட்டு மூடினால் அடங்கும். இதுவும் காற்றை அடைக்கும் அதே தத்துவம்தான். கட்டிய புடவையில் தீப்பற்றினால் ஓடக்கூடாது. ஓடினால் காற்றுபட்டு கொழுந்துவிடும். நின்று, படுத்து, உருளணும். பக்கத்தில் இருப்பவர் கனமான பருத்திப் போர்வையோ கம்பளியோ போட்டுச் சுற்றணும். நைலான் துணி வேண்டாம், உருகி ஒட்டிக்கொள்ளும்.

லண்டன் அழைத்தது

பிரைட்வுட் புகழ் பரவி, 1833-ல் லண்டனுக்குப் போனார். அங்கே இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஒன்று சேர்ந்து ஆரம்பித்த படைக்குத் தலைவரானார். ஜனவரி 1-ல் வேலை தொடங்கியது. அவ்வளவு பெரிய நகரத்துக்கு முழுநேர வீரர்கள் வெறும் 80 பேர். இங்கே அவர் கப்பல் மாலுமிகளைத் தேடி எடுத்தார். ராத்திரி பகல் பார்க்காமல் உழைப்பார்கள், சொன்னதைச் செய்வார்கள் என்பது அவர் கணக்கு.

அடுத்த வருடமே, 1834 அக்டோபர் 16-ல், பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. பெரும்பகுதி போய்விட்டது. ஆனால் பழம்பெருமை வாய்ந்த வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் தப்பியது. அதைக் காப்பாற்றிய வேலையில் அவருடைய படைக்கும் பங்கு உண்டு.

லண்டனில் அவரை அதிகம் கவலைப்பட வைத்தது வீடுகள் இல்லை, தேம்ஸ் ஆற்றங்கரை கிடங்குகள். மாடி மேல் மாடியாக, தடுப்பில்லாத பெரிய பெரிய கூடங்கள். தாங்குவதற்கு வார்ப்பிரும்புத் தூண்கள். இரும்பு எரியாது, அதனால் பாதுகாப்பு என்று எல்லோரும் நம்பினார்கள். சூடேறிய வார்ப்பிரும்பு மேல் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டு உடையும், மொத்தத் தளமும் ஆள்மேல் இறங்கும் என்று இவர் எச்சரித்துக்கொண்டே இருந்தார். பொறியாளர்கள் சங்கத்திலேயே இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். கேட்டவர்கள் கேட்டார்கள், கிடங்குகள் அப்படியே நின்றன.

1861 ஜூன் 22

அது சனிக்கிழமை. மாலை நேரம். லண்டன் பாலத்துக்குப் பக்கத்தில் டூலி தெருக் கிடங்கு ஒன்றில் புகை கிளம்பியது. உள்ளே சணல், பஞ்சு, வெடியுப்பு, கொழுப்பு, சர்க்கரை, தேயிலை, மசாலாச் சரக்குகள். கிழக்கு நாடுகளில் இருந்து கப்பல் கப்பலாகப் போன சரக்குகள்தான்.

கிடங்குகளுக்கு இடையே தீ தாவாமல் இருக்க இரும்புக் கதவுகள் போட்டிருந்தார்கள். அந்தக் கதவுகள் மூடப்படாமல் திறந்து கிடந்தன. கதவை மூடு என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவரின் கடைசித் தீ, திறந்து கிடந்த கதவுகள் வழியாகத்தான் பரவியது.

கொழுப்பு உருகி ஆற்றில் ஓடி, தண்ணீர் மேலேயே எரிந்தது. வெப்பத்தில் வீரர்கள் துவண்டுபோனார்கள். 60 வயதுக்காரரான பிரைட்வுட் சந்துக்குள் இறங்கி, களைத்து நின்ற தன் ஆட்களை விசாரித்துக்கொண்டே போனார். அப்போது ஒரு கிடங்கின் முன்சுவர் வெடித்துச் சரிந்தது. அவரும் கூட இருந்த வீரர் ஒருவரும் அடியில் சிக்கினார்கள். ஓடிவந்து மீட்க முயன்றவர்களால் முடியவில்லை, அவ்வளவு சூடு. நாள் கழித்துத்தான் உடலை எடுக்க முடிந்தது. தீ முழுசாக அணைய இரண்டு வாரம் ஆனது.

இறுதி ஊர்வலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. வழியெங்கும் கடைகள் அடைத்திருந்தன, தேவாலய மணிகள் ஒலித்தன.

அவர் போன பிறகு

டூலி தெரு நஷ்டம் அந்தக் காலத்திலேயே சுமார் 20 லட்சம் பவுண்டு. இன்சூரன்ஸ் கம்பெனிகள் இனி எங்களால் தீயணைப்புப் படை நடத்த முடியாது என்று அரசிடம் கைவிரித்தன. 1865-ல் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு முதல் லண்டன் தீயணைப்பு அரசுப் பொறுப்பானது. தீயணைப்பது கம்பெனி வேலை இல்லை, மக்களுக்கான இலவச சேவை என்ற எண்ணம் மெல்ல மெல்லப் பரவியது. சென்னையில் தீயணைப்புப் படை 1908-ல் தொடங்கியது.

இன்று பெண்ணாடத்தில் இருந்தபடி 101 அல்லது 112-க்கு அழைத்தால் காசு கேட்காமல் வண்டி வரும். அழைக்கும்போது தீ என்று மட்டும் கத்தி வைத்துவிடாமல், எந்தத் தெரு, ரயில் நிலையமா கோயிலா பக்கத்தில் என்ன அடையாளம், உள்ளே ஆள் இருக்கா, சிலிண்டர் இருக்கா, வண்டி நுழைய வழி இருக்கா என்று சொல்லணும். எதிர்முனையில் இருப்பவர் வைக்கச் சொல்லும் வரை வைக்காதீங்க. ஓர் ஆளை மெயின் ரோட்டில் நிற்க வைத்து வழிகாட்டச் சொல்லுங்கள். சந்து குறுகலாக இருந்தால் வழியில் நிற்கும் பைக்குகளை வண்டி வருவதற்குள் நகர்த்தி வைக்கலாம்.

பிரைட்வுட்டுக்கு எடின்பரோ சிலை வைத்தது 2008-ல்தான். 1824 தீயில் எரிந்த அதே பகுதியில், பட்டறை இருந்த அந்தச் சந்தில் இருந்து நடந்து போகும் தூரத்தில் அது நிற்கிறது.